குடிக்காதவரின் கல்லீரலில் சர்க்கரை செய்கிற வேலை

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 42. ஓசூரில் கம்பெனி வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். எடை 78 கிலோ. ஆறு வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று வந்திருக்கிறது. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 68, எஸ்.ஜி.ஓ.டி. 49, ரத்தத் தட்டணுக்கள் 2.4 லட்சம், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. 8.9. "நான் பீர்கூடத் தொட்டதில்லை. சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்களே, அது என்ன? அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையோ கீழாநெல்லியோ எடுத்துக்கொண்டால் போதுமா?" இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு, தருமபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருந்து எது, அளவு என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். அது விளங்கிவிட்டால் மாத்திரைக் கேள்விக்கான பதிலும் அதிலேயே வந்துவிடும்.

சில வருஷம் முன்னால் லாரி ஓட்டுகிற ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார். ரத்தம் உறைந்ததும் குழாயை சென்ட்ரிஃப்யூஜில் வைத்துப் பத்து நிமிஷம் சுற்றவிட்டேன். சுற்றி நின்ற பிறகு சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும்; மேலே வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் தெளிந்த சீரம் நிற்கும். அவருடைய குழாயில் மேலே நின்றது வெள்ளை வெளேரென்று பால். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், பின்னால் இருந்த என் விரல் தெரியவில்லை. சர்க்கரை 340. முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "எண்ணெய்ப் பலகாரமே தொடலீங்க சார். ரெண்டு களி, கீரைக் கடைசல். வெயிலுக்கு வழியில மூணு பாட்டில் மாம்பழ ஜூஸ், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பாலில் பெரும்பகுதி வடைச் சட்டியிலிருந்து வந்ததில்லை. மாவையும் இனிப்பையும் வைத்து அவருடைய கல்லீரலே செய்து ரத்தத்தில் அனுப்பிய கொழுப்பு அது. அதை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தவும் இன்சுலின் வேலை செய்ய வேண்டும். அது நடக்காததால் அப்படியே தேங்கி நின்றது.

உங்கள் ஸ்கேனில் 'கிரேடு 2' என்று தெரிந்ததும் அதே கொழுப்புதான். ரத்தத்துக்கு அனுப்பியது போக, மிச்சம் கல்லீரல் செல்லுக்குள்ளேயே சின்னச் சின்னத் துளிகளாகத் தங்கிவிட்டது.

சரி, சர்க்கரை எப்படி அங்கே போய்ச் சேருகிறது? சர்க்கரைப் பரிசோதனைக்கு எடுக்கிற ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கிறது. நம் மாவட்டக் கிணற்றுத் தண்ணீரில் இருந்து பல்லைக் கறையாக்கியதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்குக் காரணமாக இருந்ததும் இதே ஃப்ளோரைடுதான். குழாயில் அதை ஏன் போடுகிறோம் என்றால், ரத்தம் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். ஃப்ளோரைடு அதை நிறுத்தி வைக்கிறது. இன்சுலின் உத்தரவு வராமலே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிற செல்கள் உடம்பில் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். கல்லீரல் செல்லும் அந்த ரகம். தசைச் செல் அப்படி இல்லை. ஓய்வாக இருக்கும்போது இன்சுலின் வந்து தட்டினால்தான் அதன் கதவு திறக்கும். கல்லீரல் செல்லின் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ரத்தத்தில் 250 இருந்தால் கல்லீரல் செல்லுக்குள்ளும் அந்த வெள்ளம்தான். போதாததற்கு, குடலிலிருந்து வருகிற ரத்தம் முழுக்க முதலில் போர்ட்டல் நாளம் வழியாகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. நீங்கள் சாப்பிட்டதில் முதல் பங்கு அதற்கே.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்றால், மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம், ஒரு டீஸ்பூன். கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்கிற வடிவில் சேமித்து வைக்கக்கூடியது சுமார் 100 கிராம். அந்தக் குதிர் நிரம்பிவிட்டால் அதற்குமேல் வருவதைக் கொழுப்பாக மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்சுலின் பேச்சைத் தொப்பைக் கொழுப்பும் கேட்காமல் போவதால் அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்கு வந்து சேருகின்றன. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் தங்கிய கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சுமார் 60 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து, 25 சதவீதத்தை ஒட்டிக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்து புதிதாகச் செய்தது, சாப்பாட்டுக் கொழுப்பு 15 சதவீதம்தான். "எண்ணெயைக் குறைத்துவிட்டேன், ஆனாலும் ஃபேட்டி லிவர் போகவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று தமிழில் எழுதுகிறோம். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் 1985-ல் இந்தச் சொல்லுக்கு வடிவம் கொடுத்தார். மனசு சம்பந்தப்பட்ட ஸ்ட்ரெஸ் இல்லை இது.

ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா எனும் அடுப்புகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் உடைந்து, அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, ஒரு வரிசையில் கை மாறிக்கொண்டே போய்க் கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். அந்த ஓட்டத்தில்தான் ஏ.டி.பி. என்கிற சக்தி உருவாகிறது. பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒவ்வொன்றாக நகர்ந்தால் சிக்கல் இல்லை. முன்னால் வழி அடைத்து, பின்னால் வண்டி வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? பைக்குகள் ஓரத்து மண்ணில் இறங்கும், ஒன்றிரண்டு கார் எதிர்த்தடத்தில் புகும். அதே மாதிரி, உள்ளே வருகிற எரிபொருள் மிதமிஞ்சிப் போய், செலவாகிற சக்தி குறைவாக இருந்தால், எலக்ட்ரான்கள் வரிசை நடுவிலேயே தேங்கி, கடைசிவரை போகாமல் வழியிலேயே ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பாதியில் எலக்ட்ரான் ஒட்டிய ஆக்சிஜனின் பெயர் சூப்பராக்சைடு. ஃப்ரீ ராடிக்கல் என்று சொல்கிறார்களே, பக்கத்தில் இருப்பதைத் தாக்குகிற மூலக்கூறுகள், அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். சர்க்கரை கூடினால் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு பெருகுகிறது, நீரிழிவின் பல கேடுகளுக்கும் அந்த ஒன்றே ஊற்று என்று மைக்கேல் பிரவுன்லீ என்ற ஆராய்ச்சியாளர் 2001-ல் நேச்சர் இதழில் எழுதினார். அவர் முக்கியமாக வைத்துப் பார்த்தது ரத்தநாளச் செல்களை. கல்லீரலில் சர்க்கரையோடு கொழுப்பு அமிலங்களும் ஒரே நேரத்தில் வந்து வரிசையில் நிற்பதால் நெரிசல் இரட்டிப்பு.

ஆனால் கல்லீரல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறிக்கடையில் வாங்கிய பச்சை ஆட்டு ஈரலில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு வெட்டி, மருந்துக் கடையில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை நாலு சொட்டு விடுங்கள். சோப்பு நுரை மாதிரி புசுபுசுவென்று பொங்கி மேலே வரும். அந்த நுரைக்குள் இருப்பது ஆக்சிஜன். ஈரலில் இருக்கிற கேட்டலேஸ் என்கிற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிற வேகம் அது. அதே ஈரலை வேகவைத்துவிட்டுச் செய்தால் ஒன்றும் நடக்காது, நொதி செத்துப்போயிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டும்போதெல்லாம் எனக்கே புதிதாகப் பார்ப்பது போல இருக்கும். உங்கள் கல்லீரலிலும் இதே காவல் இருக்கிறது: சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்ற ஒரு நொதி, பெராக்சைடைத் தண்ணீராக்கக் கேட்டலேஸ், கூடவே குளூட்டாதையோன் என்கிற சின்ன மூலக்கூறு. தீயை ஏற்றுக்கொண்டு தான் கருகி, மறுபடியும் புதுப்பிக்கப்பட்டு வந்து நிற்பது குளூட்டாதையோனின் வேலை. உடம்பிலேயே அது மிக அதிகமாக இருக்கிற இடங்களில் ஒன்று கல்லீரல்.

வருஷக்கணக்கில் நெரிசல் குறையாமல் இருந்தால் இந்தக் காவலுக்கு ஆள் போதாமல் போகும். அந்த நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். உடையாமல் மிச்சமாகிற பெராக்சைடு, செல்லுக்குள் இருக்கிற இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். அதைவிட மூர்க்கமான ஒன்று செல்லுக்குள் கிடையாது. பக்கத்தில் எது இருந்தாலும் கடிக்கும். பக்கத்தில் இருப்பது என்ன? செல்லின் சவ்வு, கொழுப்பால் ஆனது. கூடவே அந்தக் கொழுப்புத் துளிகள். பழைய கடலை எண்ணெய் டின்னைத் திறந்ததும் ஒரு சிக்கு வாடை மூக்கில் அடிக்குமே, எண்ணெய் காறிப்போய்விட்டது என்போமே, வேதியியலில் அதே காரியம்தான் இங்கே நடக்கிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு காறினால் அது பக்கத்து மூலக்கூறைக் காறவைக்கும். சங்கிலி மாதிரி போகும். அதில் பிறக்கிற மலோன்டைஆல்டிஹைடு போன்ற பொருள்கள் செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலைக்கு ஆகாமல் செய்கின்றன.

கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வே ஓட்டையாகி, உள்ளே இருந்த சைட்டோகுரோம் சி வெளியே சிந்தும். 'இனி இந்த வீடு தாங்காது' என்று செல்லுக்குப் போகிற சேதி அது. செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். அடிபட்ட செல்லிலிருந்தும் செத்த செல்லிலிருந்தும் ரத்தத்தில் வந்து கலக்கிற நொதிதான் எஸ்.ஜி.பி.டி. உங்கள் தாளில் இருக்கிற 68 அதுதான். லேப் தாளில் 40 வரை சரி என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2017-ல் சொன்ன அளவு இன்னும் இறுக்கமானது: ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25. அதன்படி பார்த்தால் உங்களுடையது இரண்டு மடங்கு.

செத்த செல்லைக் கண்டதும் கல்லீரலில் இருக்கிற காவல் செல்கள் அழற்சியைக் கிளப்பும். அதைக் கேட்டு, சும்மா விட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு படுத்திருந்த நட்சத்திர வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு கொல்லாஜன் நூலைப் பின்ன ஆரம்பிக்கும். அதுதான் ஃபைப்ரோசிஸ், கல்லீரலுக்குள் தழும்பு. வருஷங்கள் போனால் சிலருக்கு, கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போகிற சிரோசிஸ்வரை போகும். எல்லோருக்கும் போகாது. யாருக்குப் போகும் என்பதை முன்னாலேயே பார்த்துவிடுவதுதான் முக்கியம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சக்கரத்தில் இன்னொரு சுற்றும் உண்டு. ஆக்சிஜனேற்றம் கூடின செல்லில் இன்சுலினின் சேதி உள்ளே போய்ச் சேருவதில்லை. 'ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, காலையில வெறும் வயித்துல எப்படிங்க 170?' என்று லேபில் கேட்காத நாளே இல்லை. விடிய விடியச் சர்க்கரையைச் செய்து ரத்தத்தில் விட்டது அவருடைய கல்லீரல். இன்சுலின் 'போதும்' என்று சொன்னது அதன் காதில் விழவில்லை. ஆக, சர்க்கரை கல்லீரலைக் கெடுக்கிறது, கெட்ட கல்லீரல் சர்க்கரையை ஏற்றுகிறது. உங்கள் 8.9-க்கும் 68-க்கும் உள்ள சம்பந்தம் இதுதான். எச்.பி.ஏ.1.சி. என்பதே சர்க்கரை எந்த நொதியும் இல்லாமல் தானாகப் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட அளவு. சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள் என்பதால் அது மூன்று மாதக் கணக்கைக் காட்டுகிறது. ஹீமோகுளோபினில் ஒட்டுகிற சர்க்கரை மற்ற புரதங்களை மட்டும் விட்டுவைக்குமா?

இப்போது மாத்திரை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் ஃப்ரீ ராடிக்கலை அணைக்கிற பொருள்; விட்டமின் சி, இ அந்த ரகம். நெருப்பு என்றால் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று தோன்றுவது நியாயம்தான். ஊற்றிப் பார்த்துவிட்டார்கள். 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தினமும் 800 யூனிட் விட்டமின் இ கொடுத்தார்கள். 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 19 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை, தழும்பும் சொல்லும்படி குறையவில்லை. 2011-ல் வேறோர் ஆய்வில், தினமும் 400 யூனிட் விட்டமின் இ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது தெரிந்தது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட 2009-ல் ஜெர்மனியில் செய்த ஆய்வுதான் கண்ணைத் திறந்தது. உடற்பயிற்சி செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு விட்டமின் சி-யும் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம், உடற்பயிற்சியில் எழுகிற கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான் 'காவலைக் கூட்டு' என்று செல்லுக்குச் சேதி சொல்கிறது. மாத்திரை அந்தச் சேதியையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. உங்கள் செல் தானே செய்துகொள்கிற கேட்டலேஸ் ஒவ்வொன்றும் நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும். மாத்திரையிலிருந்து வருகிற மூலக்கூறு ஒன்றிரண்டைப் பிடித்ததும் தீர்ந்துபோகும். டோல்கேட்டில் நிற்கிற வண்டிகளைக் குறைக்காமல் ஓரத்தில் நாலு போலீஸை நிறுத்துவது போலத்தான் அது. அதனால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கீழாநெல்லி பற்றியும் நேராகவே சொல்கிறேன், என் பாட்டி எங்களுக்கு மோரில் அரைத்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு என்று நம் ஊரில் காலங்காலமாகக் கொடுத்து வருவது. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். அதன் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்கான ஆய்வு. உங்களுக்கு இருப்பது கிருமியால் வந்ததில்லை, எரிபொருள் மிகுதியால் வந்தது. வீட்டுத் தோட்டத்துக் கீழாநெல்லியை எப்போதாவது மோரில் கலந்து குடித்தால் பெரிய தீங்கு இல்லை. பயப்பட வேண்டியது, 'லிவர் டானிக்', 'சர்க்கரை சூரணம்' என்று உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கிற பொடிகளுக்கும், கிரீன் டீ சாறு மாத்திரைகளுக்கும். கிரீன் டீ சாறு கல்லீரலைக் காயப்படுத்திய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியிருக்கின்றன. நைட் ஷிஃப்ட் உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போடுகிறவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவு மீறினால் அது முதலில் காலி செய்வது உங்கள் குளூட்டாதையோனைத்தான்.

அப்புறம் என்ன செய்வது? வரிசையில் வண்டியைக் குறைக்க வேண்டும், முன்னால் வழியைத் திறக்க வேண்டும்.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்குகிறது, 10-க்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பும் குறைந்ததை 2015-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 78 கிலோ ஆளுக்கு 4 கிலோ முதல் 8 கிலோ. எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னமும் வியப்பு. இங்கிலாந்தில் ராய் டெய்லர் என்ற ஆராய்ச்சியாளர் 2011-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்த ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்துவிடும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. 'களிதானே, சுகர் ஏறாது.' கேழ்வரகு அருமையான தானியம், 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்து, அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம். ஆனால் அந்த 100 கிராமில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. ஒரு நாள் களி கிண்டும் முன் மாவையும் நொய்யையும் தராசில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தபோது ஓர் உருண்டைக்கு 90 கிராம் போயிருந்தது. இரண்டு உருண்டை என்றால் 180. முன்னே காட்டில் ஏர் ஓட்டிவிட்டு வந்தவர் சாப்பிட்ட அளவை, மெஷின் முன்னால் நின்று வேலை செய்கிறவர் சாப்பிட்டால் அடுப்பு தாங்காது. ஓர் உருண்டை போதும். மிச்ச இடத்தில் கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை, முட்டை. மாவைச் சலித்துப் பால் சர்க்கரை போட்டுக் குடிக்கிற ராகி மால்ட்டை களியோடு ஒன்றாக எண்ணாதீர்கள். அது வேகமாக ஏறும்.

மாம்பழ பாட்டிலை அடியோடு விட்டுவிடுங்கள். நம் கிருஷ்ணகிரி மாங்கூழ் உலகம் முழுக்கப் போகிறது, அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கால் லிட்டர் பாட்டிலில் சர்க்கரை பெரும்பாலும் 30 கிராமை ஒட்டி இருக்கும், அதில் சுமார் பாதி ஃப்ரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரை. ஃப்ரக்டோஸின் பெரும்பங்கைக் கையாளுவது கல்லீரல்தான். ரத்தச் சர்க்கரையான குளுக்கோஸ் செல்லுக்குள் போன பிறகு அது உடைகிற வேகத்தை அடக்க ஒரு தடுப்பு உண்டு, ஃப்ரக்டோஸுக்கு அது இல்லை. மிதமிஞ்சி வந்தால் அதில் ஒரு பங்கு கொழுப்புப் பாதைக்குப் போய்விடும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பதும் கல்லீரலுக்கு ஒன்றுதான். சீசனில் பழமாக நாலு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக, பரவாயில்லை. சர்க்கரை போடாத காபி இரண்டு வேளை குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. நைட் ஷிஃப்டில் இரண்டு மணிக்குச் சாப்பிடுகிற பன்னையும் டீயையும் நிலக்கடலைக்கோ சுண்டலுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

வழியைத் திறப்பது நடை. சுருங்கி விரிகிற தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும். சாப்பிட்டு முடித்ததும் 15 நிமிஷம், மூன்று வேளையும். கம்பெனி கேன்டீனிலிருந்து கேட் வரை போய் வந்தாலும் சரி. ஏ.டி.பி. செலவானால்தான் வரிசை நகரும், எலக்ட்ரான் ஓரத்தில் இறங்காது.

மருந்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும். 'லிவர் கெட்டிருக்கு' என்று பயந்து, ரத்தக் கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நிறுத்தாதீர்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் பாதுகாப்பானது. இவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்புதான், கல்லீரல் இல்லை.

இனி முன்னால் தள்ளி வைத்த விஷயம், தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதால் கல்லீரல் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, காசு செலவில்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 42 × 49 = 2,058. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் எடுங்கள்: 68-க்கு 8.25. தட்டணுவை ஆயிரக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்: 2.4 லட்சம் என்றால் 240. 240 × 8.25 = 1,980. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 1.04. 1.3-க்குக் கீழே இருப்பதால் உங்களுக்கு முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. நல்ல சேதி. இன்னொருவரைப் பாருங்கள்: வயது 60, எஸ்.ஜி.ஓ.டி. 36, எஸ்.ஜி.பி.டி. 28, தட்டணு 1.5 லட்சம். தாளில் ஒரு எண்கூட அடிக்கோடு போட்டு வராது. கணக்குப் போட்டால் 2.72. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரிடம் போயே ஆக வேண்டும். 1.3-க்கும் இதற்கும் நடுவில் இருந்தால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாகச் சொல்லாது. 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2.0 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே வருஷம் பிப்ரவரியில் மத்திய அரசும் கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ அந்த மாத்திரையை வாங்குகிறவர்களாக இருந்தால், மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம் கேட்டு, அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது இந்த இரண்டு நொதிகளையும் தட்டணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

உங்களுக்கு எஸ்.ஜி.பி.டி. கூடியிருப்பதால், ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. எடுக்கும் அன்றே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு மூன்றையும் அதே லேபில் கொடுங்கள், லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும். முந்தின நாள் நைட் ஷிஃப்டோ கடினமான உடற்பயிற்சியோ வேண்டாம். தசை நொந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். பழைய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். குழாயைச் சுற்றி எடுத்ததும் லேபில் இருப்பவரிடம் சீரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள். பின்னால் பிடித்த விரல் தெரிகிறதா என்று பாருங்கள்.